பொரிக்காத மிளகாய்

ஜூலை மாதத்து மெல்பேண் குளிர், கரையைவிட நீரின்மேல் கடுமையாக இருந்தது. மல்கிரேவில் வசிக்கும் மகேந்திரராஜா, ஓய்வு பெற்றபின் வாங்கிய சிறு படகைத் துறையில் கட்டி வைத்திருந்தார். வார இறுதிகளை அதன் அறையில் கழிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மனைவி கமலினியோ, இம்முறையும் நடுங்க நேர்ந்தால் படகை விற்றுவிட வேண்டும் என்று கண்டிப்பாகக் கூறியிருந்தாள்.

ஆதலால் சனிக்கிழமை மாலை அவர் முழு ஆயத்தத்துடன் வந்தார். வீட்டின் வெளிமுற்றத்தில் எரிக்கும் காஸ் ஹீட்டரைப் படகறைக்குள் இறக்கி மூட்டினார். கூரையிலிருந்த இரு காற்றுத்துளைகளிலும் உடல் துடைக்கும் பழைய துவாய்களைத் திணித்தார். பனி தலையில் இறங்கினால் சளியும் தடிமனும் பிடிக்கும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. எனவே கமலினியும் தடுக்கவில்லை. அறை விரைவில் கதகதப்பாயிற்று. அவள் கம்பளித் தொப்பியைக் கழற்றியபோது, படகு தப்பியது என்று அவர் உள்ளூர மகிழ்ந்தார்.

அப்பொழுது சுவரிலிருந்த எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கிற்று. அவர்கள் வீட்டில் மிளகாய் பொரிக்கும்போதெல்லாம் புகையறியும் கருவியிலிருந்து இத்தகைய அலறல் எழும். யாரேனும் துவாயை விசிறி அதனை அடக்குவார்கள். பழக்கத்தின்படி மகேந்திரராஜா ஒரு துவாயை எடுத்துக் கருவியின் முன்னே விசிறலானார். படகிலாவது அளவோடு தாளிக்கக் கூடாதா என்று கேலியும் செய்தார்.

“நான் இன்னும் அடுப்பே மூட்டேல்லை,” என்றாள் கமலினி. அவளுடைய நாக்குக் குழறியது. “தலை இடிக்குது, இஞ்சேருங்கோ.”

விசிறிய கை நின்றது. அறையில் புகையும் இல்லை, மிளகாயின் நெடியும் இல்லை. அவருடைய நெற்றியும் சற்று முன்பிருந்தே வலித்துக்கொண்டிருந்தது. அவர் ஹீட்டரை அணைத்தார். கதவைத் தள்ளித் திறந்தார். எழ இயலாத மனைவியைப் பற்றி மேல்தளத்திற்கு இழுத்தார். பக்கத்துப் படகிலிருந்த மலேசியத் தமிழ்ப் பெண் ஷாமளா, அலறல் கேட்டு ஓடி வந்து மறுபுறம் தாங்கினாள். ஆம்புலன்சை அழைத்தவளும் அவளே.

மூடிய அறையில் ஹீட்டர் எரிந்ததால் மணமற்ற நச்சுவாயு சேர்ந்ததென்றும், படகிலிருந்த கருவி அதனை உணர்ந்தே அலறியதென்றும், இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் இருவருமே எழுந்திருக்க மாட்டார்கள் என்றும் மருத்துவர் விளக்கினார். இரவு முழுவதும் கமலினிக்கு ஒக்சிஜன் கொடுத்தார்கள். காலையில் அவள் கண்கள் தெளிந்திருந்தன.

“படகை வித்துப்போடுவம். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்,” என்றார் மகேந்திரராஜா.

“படகு என்ன செய்தது? அதிலை இருந்த பெட்டி கத்தினபடியால்தானே இருக்கிறம்,” என்றாள் கமலினி. “ஹீட்டரை வீட்டு முத்தத்திலை விடுங்கோ. துவாயளைப் பிடுங்கி எறியுங்கோ. நான் ரெண்டு கம்பளி போட்டுக்கொண்டு வாறன்.”

அவர் படுக்கையருகே அமர்ந்தார். அவளுடைய கையைத் தம் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். அது வெதுவெதுப்பாக இருந்தது. யாருக்கு முதலில் நன்றி கூறுவது என்று சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, ஷாமளாவைத் தொலைபேசியில் அழைத்தார்.