முதல் நாற்று

மூக்கம்மா கை வைத்தால் துடைப்பக் குச்சிகூட வேர் விடும் என்று தொழிலாளர் லைன் வீடுகளில் சொல்வார்கள். கீழ் கோத்தகிரி பக்கத்து எஸ்டேட் ஒன்றின் நர்சரியில் அவளுக்குப் பாதி ஆயுள் ஓடிவிட்டது. ஒற்றை இலையோடு வெட்டிய தேயிலைக் குச்சியைப் பிளாஸ்டிக் பையில் ஊன்றி வேர் பிடிக்க வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால் லைனில் யார் வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டினாலும் முதல் நாற்றை நட அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் போய் ஒன்றே ஒன்றை நட்டுவிட்டு, ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு வருவாள். மிச்சத்தை வீட்டுக்காரர்கள் முதுகு ஒடிய நட்டுக்கொள்வார்கள். முட்டைக்கோசு நன்றாக உருண்டால் அது மூக்கம்மாவின் கைராசி. உருளாவிட்டால் பூச்சி, மழை, மட்டமான உரம். இப்படி ஒரு சௌகரியமான பெயர் யாருக்குக் கிடைக்கும்!

அவள் தன் ஆயுளில் ஒரு கோசு விதையைக்கூட முளைக்க வைத்ததில்லை. அது யாருக்கும் தோன்றவும் இல்லை. அவள் வீட்டுப் பின்புறத்துத் துண்டு நிலம் அவள் கணவன் ஒச்சப்பனின் பாடாக இருந்தது. அந்தச் சரிவில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குச் சுவராக அடுக்கி, மண்ணைக் கொத்தி, கோசும் பீன்ஸும் போட்டவன் அவன். அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டு போய்க் கொட்டுவான். சாம்பல் பறந்து காயப்போட்ட துணியெல்லாம் வீணாகிறது என்று அவள் கத்துவாள். அவன் செத்துப்போன பிறகு நிலம் சும்மா கிடந்தது. அவள் வேலை விட்டு வந்து அந்தக் கல் சுவரில் உட்கார்ந்து கால் நீட்டுவதோடு சரி.

தை மாதக் கடைசியில் ஃபீல்டு ஆபீசர் லூயிஸ் லைனுக்கு வந்தார்.

"காய்கறி நிக்கிற இடம் உங்களுக்கு. சும்மா கெடக்குற இடத்துல எஸ்டேட் டீ நடப் போகுது. சித்திரை பொறந்ததும் வந்து பாப்பேன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். சொல்லும்போது மூக்கம்மாவின் தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டார். அங்கே களைதான் நின்றது.

டீ நட்டால் எந்தக் கன்றை நடுவார்கள்? அவள் நர்சரியில் வளர்த்த கன்றைத்தான். தன் கையால் வளர்த்தது தன் புருஷன் நிலத்தை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நிலத்தை விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

மாசியில் உறைபனி ஓய்ந்ததும் அரவேணு கடைவீதியில் கோசு விதை வாங்கி வந்தாள். விதை போடும் விதத்தை யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் மூக்கம்மாவாவது, கேட்பதாவது! ஊரே அவளைக் கேட்கும்போது அவள் போய் யாரைக் கேட்பது? தனக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் இறக்கினாள். நர்சரியில் மிஞ்சிய மண்ணைக் கேட்டு வாங்கிவந்தாள். சல்பேட் கரைத்து ஊற்றிப் புளிப்பேற்றி, தேயிலைக்கென்று பக்குவப்படுத்திய மண். பழைய டீப்பெட்டியில் அதை நிரப்பி, விதை தூவி, குச்சி வளைத்துப் பிளாஸ்டிக் தாளால் கூடாரம் போட்டு, மேலே வெயில் படாமல் பெரணித் தழையைப் பரப்பினாள். தேயிலைக் குச்சிக்கு அது அரண்மனை.

விதைகள் முளைத்தன. மூக்கம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் அவை நெட்டையாக, வெளிறி, நூல் மாதிரி போயின. வெளிச்சம் இல்லாமல்தான் இப்படி ஆகிறது என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் தேயிலையும் முதலில் இப்படித்தான் சோகையாக இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் தழை பரப்பினாள். பங்குனி பாதியில் ஒரு நாள் காலை தாளைத் தூக்கிப் பார்த்தபோது எல்லாம் கழுத்து அழுகிச் சாய்ந்து கிடந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெட்டியை மறுபடி மூடிவிட்டு, யாரும் பார்த்துவிடாமல் விறகுக்குப் பின்னால் தள்ளினாள்.

அன்று சாயங்காலம் பார்த்து அடுத்த வீட்டுச் சாந்தாமணி வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, என்ற ஊட்டுல பாத்தி கட்டியாச்சுங்க. வந்து மொத நாத்து நட்டுக் குடுத்துருங்க."

சாந்தாமணியின் கதையையும் சொல்ல வேண்டும். கல்யாணமாகி அவள் வந்த வருஷம், மாமியார் ஆசையாக அவள் கையால் முதல் உருளைக்கிழங்கை ஊன்றச் சொன்னாள். அந்த வருஷம் மலை முழுக்க உருளைக்கிழங்கு அழுகிப் போயிற்று. ஊட்டியிலிருந்து கட்டபெட்டு வரை அழுகியதற்கு இந்த ஒரு பெண்ணின் கை எப்படிப் பொறுப்பாகும் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கைராசி இல்லாதவள் என்று பெயர் வைத்தார்கள், அவளும் அதை நம்பிவிட்டாள். அன்றிலிருந்து நாற்றெல்லாம் அவளே வளர்ப்பாள். முதல் நாற்றை மட்டும் தொட மாட்டாள்.

மூக்கம்மா மறுக்க வழியில்லாமல் போனாள். சாந்தாமணியின் நாற்றுப் பெட்டி வாசலிலேயே இருந்தது. நாற்றுகள் குட்டையாக, தண்டு தடித்து, கரும்பச்சையாக நின்றன. பகலெல்லாம் வெயிலில் வைத்து, பொழுது சாய்ந்தால் உள்ளே எடுத்து, கடைசி நாட்களில் தண்ணீரைக் குறைத்து ராப்பனியிலும் வைத்துப் பழக்கிய நாற்றுகள். மூக்கம்மா ஒன்றைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வேரில் மண் கட்டியாக ஒட்டியிருந்தது. அதைக் குழியில் வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

"என்னாச்சுங்க்கா?"

"இந்தக் கையாலயா நடச் சொல்ற? வா அம்மணி, வந்து பாரு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், விறகுக்குப் பின்னாலிருந்த பெட்டியை எடுத்துத் தாளை விலக்கிக் காட்டினாள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. சாந்தாமணி மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள்.

"நர்சரி மண்ணுங்களா?"

"ஆமா. அதைவிட நல்ல மண்ணு எங்க இருக்குது?"

"அது டீக்குத்தானுங்க்கா ஆகும். கோசுக்கு மண்ணு புளிக்கக் கூடாது. வெயிலே காட்டலீங்களா?"

"வெயிலு பட்டா வாடிப்போகும்னுதான்..." என்று ஆரம்பித்த மூக்கம்மா பாதியில் நிறுத்திப் பெட்டியை மூடினாள். "சித்திரையில அந்த ஆளு வருவான். இந்த எடம் போயிரும், சாந்தா."

சாந்தாமணி சிரிக்கவில்லை. கல் சுவரைத் தாண்டி நிலத்தைப் பார்த்தாள்.

"என்ற கிட்ட மிச்ச நாத்து நெறையக் கெடக்குதுங்க. அண்ணன் வருசா வருசம் சாம்பலு போட்ட நெலம், புளிப்பு இருக்காது, புடிச்சுக்கும். என்ற பாத்தி இருக்கட்டும், களையெடுத்துக் கொத்தி வையுங்க, நாளைக்கு நட்டுரலாம்."

ராத்திரியும் விடிகாலையுமாக மூக்கம்மா களையெடுத்துக் கொத்தி வைத்தாள். மறுநாள் வேலை விட்டதும் இருவரும் இறங்கினார்கள். வெயில் தாழ்ந்து காற்று குளிர ஆரம்பித்திருந்தது. குழி போட்டு முடிந்ததும் சாந்தாமணி பழக்கத்தில் விலகி நின்று முதல் நாற்றை நீட்டினாள்.

"நடுங்க்கா."

"நீ நடு."

சாந்தாமணி பின்வாங்கினாள். "வேண்டாங்க்கா. என்ற கை ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? உங்க நெலம் போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு இருப்பேன்?"

"என்ற கை லட்சணத்த நேத்துத்தான் பாத்தயே. போனா என்ற நெலம்தான போகுது, நடு அம்மணி."

சாந்தாமணி முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு மண்டியிட்டு, நாற்றைக் குழியில் வைத்து, முதல் இலைக்குக் கீழே வரை மண் தள்ளி, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். தண்ணீர் ஊற்றும்போது அழுதுவிட்டாள். மூக்கம்மாவும் அழுதாள்; ஆனால் புகை கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் எங்கும் அடுப்பு எரியவில்லை.

சித்திரை பிறந்து லூயிஸ் வந்தபோது வேர் பிடித்த கோசு வரிசைகள் இலை விரித்து நின்றன. அவர் சுவரோரமாக ஒரு நடை நடந்தார்.

"நீங்க வெச்சா வராம இருக்குமா, மூக்கம்மா?"

"நான் வெக்கலீங்க சார். சாந்தாமணி வெச்சது."

அவருக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை. தலையாட்டிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போனார். மூக்கம்மா கல் சுவரில் உட்கார்ந்து நிம்மதியாகக் கால் நீட்டினாள்.

அந்த வாரமே மேல் லைனிலிருந்து வீரம்மா வந்தாள். பாத்தி தயாராம், மூக்கம்மா வந்து முதல் நாற்று நட வேண்டுமாம்.

"எனக்கு முடியாதுங்க. சாந்தாமணியக் கூட்டிட்டுப் போங்க."

வீரம்மாவின் முகம் மாறியது. "அவளா? ஏனுங்க, அவ கை..."

"அவ கை என்ன செஞ்சுதுன்னு என்ற தோட்டத்துல போய்ப் பாத்துட்டு வந்து பேசுங்க."

வீரம்மா போய்ப் பார்த்தாள். வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தாள். திரும்பி வந்து அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிட்டாள்.

"சாந்தாமணி, கொஞ்சம் வந்துட்டுப் போறயா?"

வீட்டுக்குள் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. சாந்தாமணி ஈரக்கையோடு வாசலுக்கு வந்து, வீரம்மாவைப் பார்த்தாள், மூக்கம்மாவைப் பார்த்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்தாள். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.