பேர் மாற்றாத வண்டி

பத்ரிநாராயணன் வாழ்க்கையில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த முதல் போனுக்கு அவர் சொன்ன முதல் பதிலே தப்பு.

"சார், நீலக் கலர் சான்ட்ரோ ஒண்ணு உங்க பேர்ல கீது. உங்க வண்டிதான?" என்று கேட்டார் ஏட்டு.

"ஆமா, என் வண்டிதான்," என்றார் இவர். அதுவும் எப்படி? பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தன் பிள்ளை பேரைக் கூப்பிட்டதும் எழுந்து நிற்கும் தகப்பன் மாதிரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அந்த வண்டியை விற்று நாலு வருஷம் ஆகிவிட்டது என்பது, சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"முந்தாநேத்து காலைல கொட்டிவாக்கத்துல ரோட்ட கிராஸ் பண்ண ஒரு அம்மாவ அடிச்சிட்டு, நிக்காம பூட்டுது சார் உங்க வண்டி. கேமராவுல நம்பர் சிக்கிக்கிச்சு, ஓட்னது யார்னு தெர்ல. அந்தம்மா ஆஸ்பத்திரில கீது. மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள லைசென்சு, ஆர்.சி. புக்கு எல்லாம் எடுத்துக்கினு ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. வர்லன்னா நாங்க வூட்டாண்ட வர்ற மாதிரி ஆயிடும், பரவால்லியா?"

 பத்ரிநாராயணன் போனை வைத்தார். மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டை ஒட்டிய அந்த மூன்றாம் மாடி வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நிற்பதும், எதிர் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பதும் கண் முன்னால் வந்து நின்றன. ஆர்.சி. புக் அவரிடம் இல்லை. அதை வண்டியோடு கொடுத்தாயிற்று. பேரை மட்டும்தான் கொடுக்கவில்லை.

அது எப்படி என்று சொல்ல வேண்டும். மனிதர் முப்பத்தாறு வருஷம் பாங்க்கில் வேலை பார்த்தவர். ஒரு கையெழுத்து குறைந்தாலும் படிவத்தைத் திருப்பி அனுப்பி, வாடிக்கையாளர்களிடம் வண்டி வண்டியாகத் திட்டு வாங்கியவர். அப்பேர்ப்பட்டவர் தன் விஷயத்தில் இப்படிச் செய்தார் என்றால் அதற்குக் காரணம் இரண்டு பழைய கார்கள்.

முதல் கார் ஒரு பியட். பாலாடை நிறம். எண்பத்தொன்பதில் செகண்ட் ஹாண்டாக வாங்கியது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர், முன் சீட்டு ஒரே பெஞ்சு. பெண் மாளவிகா நடுவில் நின்றுகொண்டு அடையாறு வரை பாடிக்கொண்டே வருவாள். விற்ற அன்று பத்ரி தெருக்கோடி வரை அதன் பின்னாலேயே நடந்து போனார். இரண்டு வருஷம் கழித்து, ஏதோ சாமான் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போனவர், உடைத்துப் போட்ட கார்களின் கதவுகள் அடுக்கியிருந்த ஒரு கடை முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பாலாடை நிறக் கதவு ஒன்று. அதில் மாளவிகாவின் மூன்று சக்கர சைக்கிள் கிழித்த கோடு. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

இரண்டாவது, சிவப்பு மாருதி. அதைச் சைதாப்பேட்டையில் ஒருவருக்கு விற்றார். அவர் அதை டிரைவிங் ஸ்கூல் வண்டியாக்கி, கூரையில் பலகை மாட்டி, ஊரில் உள்ள அத்தனை பேர் கையிலும் கொடுத்தார். கியர் போடத் தெரியாத பிள்ளைகள் அதை அலற வைப்பதைப் பார்க்கவென்றே பத்ரி பஸ் பிடித்துப் போய்ச் சைதாப்பேட்டையில் ஒரு டீக்கடையில் நிற்பார். "உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று சூடாமணி தலையில் அடித்துக்கொண்டாள். சரியான கேள்விதான்.

மூன்றாவதுதான் இந்த நீல சான்ட்ரோ. கண்ணில் புரை விழுந்து, மெட்ரோக்காரர்கள் வைத்த தடுப்பில் லஸ் அருகே ஒரு நாள் அவர் உரசிவிட, மாளவிகா பெங்களூரிலிருந்து வந்து உட்கார்ந்து, விற்றுவிட்டுத்தான் போனாள். வாங்கியவர் தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தனபாலன். பெண் ஸ்வர்ணலதா வண்டி ஓட்டிப் பழகுவதற்காக வாங்கினார். பணத்தைக் கையில் கொடுத்தார், வண்டியை எடுத்துப் போனார். பேர் மாற்றும் படிவத்தில் கையெழுத்து வாங்க மூன்று தடவை ஆள் அனுப்பினார். மூன்று தடவையும் பத்ரி, "இப்ப என்ன அவசரம், நானே கொண்டுவந்து தரேன்," என்று சொல்லி அனுப்பிவிட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டால் அது வேறு யாருடைய வண்டியோ ஆகிவிடும். போடாத வரைக்கும், அது தனபாலன் வீட்டில் தங்கியிருக்கும் தன் வண்டி. இதுதான் அந்த பாங்க் ஆபீசரின் கணக்கு. நாலாவது தடவை ஆள் வரவில்லை. தனபாலனும் கடை வேலையில் மறந்து போனார்.

இதில் இன்னொரு ரகசிய சந்தோஷம் வேறு இருந்தது. வண்டி எங்கேயாவது விதியை மீறினால் அபராதச் செய்தி பத்ரியின் போனுக்குத்தான் வரும். கூடவே கேமரா எடுத்த போட்டோவும் வரும். பாண்டி பஜாரில் நோ பார்க்கிங். அடையாறு சிக்னலில் கோட்டைத் தாண்டி நின்றது. மத்திய கைலாஷ் பக்கம் சீட் பெல்ட் போடவில்லை. ஊருக்குப் போன பிள்ளை கடிதம் போட்ட மாதிரி, ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, பம்பரில் புதுக் கீறல் இருக்கிறதா என்று தேடி, அபராதத்தைச் சத்தமில்லாமல் தானே கட்டிவிடுவார். தனபாலனுக்குச் சொன்னால் உடனே படிவத்தோடு வந்துவிடுவாரே.

இவ்வளவையும் அன்று காலை சூடாமணியிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் காய் நறுக்கும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நாலு வருஷமா எங்கிட்ட சொல்லாம பண்ணிண்டிருந்தேளா?"

"அப்பறம் சத்தம் போடலாம். இப்ப என்ன பண்றது சொல்லு. அந்தப் பொம்மனாட்டிக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா கேசே வேற மாதிரி ஆயிடுமாம். ஜாமீன் கிடைக்காதாம்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. எனக்கே தெரியும்."

அவளுக்கும் உதடு வெளுத்திருந்தது. புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "நேரா தனபாலன் கடைக்குப் போவோம். வாங்கினவர் அவர்தானே. வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். தங்கமான மனுஷர்."

இருவரும் ஆட்டோ பிடித்தார்கள். வழியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தியபோது பத்ரிக்கு மூச்சே நின்றது. மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் திருப்பிவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

தனபாலன் கடையில் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மிஷின் சத்தம் காதைப் பிளந்தது. தனபாலன் கல்லாவிலிருந்து எழுந்து கும்பிட்டார். "வாங்க சார், வாங்கம்மா, எப்படி இருக்கிய? ஏலே, ரெண்டு காப்பி சொல்லு." அந்தக் குரலைக் கேட்டதும் பத்ரிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"தனபாலன், அந்த சான்ட்ரோ விஷயமா வந்தேன். போலீஸ்ல கூப்பிட்டிருக்கா. கொட்டிவாக்கத்துல ஏதோ மோதிடுத்தாம்."

தனபாலனின் கண் ஒரு தடவை மாடிப்படிப் பக்கம் போய்த் திரும்பியது. பிறகு அவர் கல்லாவில் உட்கார்ந்து, எழுதி முடித்திருந்த ரசீதை மறுபடி எழுத ஆரம்பித்தார்.

"எந்த வண்டி சார்?"

மிஷின் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து பத்ரி உரக்கச் சொன்னார். "நம்ம சான்ட்ரோ. நீங்க எங்கிட்ட வாங்கினேளே, அந்த நீல வண்டி!" இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் எங்க சார் வாங்கினேன்? நீங்க எதையச் சொல்லுதியன்னே வெளங்கல." ரசீதை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். "எம்பேர்ல ஏதும் பேப்பர் இருக்கா? இருந்தாக் காட்டுங்க. இல்லாத பொல்லாததைச் சொல்லாதிய சார். பொம்பளப் பிள்ள இருக்க வீடு."

சூடாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பத்ரி அவள் கையைப் பிடித்தார். அந்த மனிதர் முகத்தில் இருந்தது அயோக்கியத்தனம் இல்லை. பயம். காலையிலிருந்து தன் முகத்தில் இருந்த அதே பயம். அதைப் பார்த்ததும்தான் பத்ரிக்கு நிஜமாகவே உள்ளுக்குள் எல்லாம் சரிந்தது. பயந்தவன் எதையும் செய்வான். காப்பி வருவதற்குள் இருவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் செம்பியனுக்குச் சின்ன வயசு, மாப்பிள்ளைத் தோரணை. மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் பத்ரியை இன்னும் கலக்கியது. அடிக்கப் போகிறவர்கள் முதலில் மரியாதையாகப் பேசுவார்கள் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது.

"பாத்திரக்கடை தனபாலனுக்கு வித்துட்டேன்னு சொல்றீங்க. ஏதாவது எழுத்துல இருக்கா?"

"இல்லை."

"அந்தக் கடைக்காரருக்கு இப்பதான் போன் போட்டேன். உங்களத் தெரியும், வண்டியத் தெரியாதுங்கறாரு." செம்பியன் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். "நாலு வருஷமா இந்த வண்டி மேல வந்த ஃபைன் பூரா கட்டியிருக்கு சார். எல்லாமே உங்க போன்ல இருந்து. வித்த வண்டிக்கு யாராவது ஃபைன் கட்டுவாங்களா?"

 என்ன சொல்வது? ஆசையாக இருந்தது என்றா? போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொள்ளக்கூடிய வார்த்தையா அது?

"ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"நாகேஸ்வர ராவ் பார்க்ல. வாக்கிங்."

"கூட யாரு?"

"நான் மட்டும்தான்."

"ஆறு மணிக்கு நான் எழுந்துக்கவே இல்லையே," என்றாள் சூடாமணி, யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பொய் சொல்லியிருக்கலாம் அவள். வரவில்லை, பாவம்.

செம்பியன் பேனாவை எடுத்தார். பேப்பரில் முதல் வரியாகத் தன் பேர் விழுவதைப் பத்ரி தலைகீழாகப் படித்தார். பத்ரிநாராயணன், வயது அறுபத்தொன்பது. எந்தப் பேரை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தாரோ, அந்தப் பேர். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் அவருக்கு போட்டோக்கள் ஞாபகம் வந்தன.

"சார், ஒரு நிமிஷம்." போன் இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது. அத்தனை படங்களையும் அவர் தனியாகச் சேர்த்து வைத்திருந்தார். அவர் எப்போதும் பார்த்தது பம்பரையும் விளக்கையும்தான். மத்திய கைலாஷ் பக்கம் எடுத்த படத்தை இப்போது பெரிதாக்கினார். கண்ணாடிக்குப் பின்னால், சீட் பெல்ட் போடாமல், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு பெண். தேதி போன மாதம். விற்ற அன்று எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றிவிட்டு இறங்கி வந்து, "நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம் சார்," என்று சொன்ன பெண். அப்போது ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கணம் கட்டை விரல் திரையின் மேல் நின்றது. பிறகு போனை நீட்டிவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"தனபாலன் பொண்ணு. ஸ்வர்ணலதா," என்றார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. செம்பியன் போட்டோவை வாங்கிக்கொண்டு இரண்டு பேரை அனுப்பினார். "நீங்க அந்த பெஞ்சுல உக்காருங்க சார், பயப்படாதீங்க," என்று தண்ணீர் பாட்டில் கொடுக்கச் சொன்னார். பத்ரி ஒரே மூச்சில் குடித்தார். "வண்டி கிடைச்சுடுத்தா? முன்னாடி ரொம்ப அடியா?" என்று ஏட்டிடம் கேட்டார். போனவர்கள் விசாரித்ததில், ஆதம்பாக்கத்தில் ஒரு ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்களாம், லைட் உடைந்து, பானெட் நசுங்கியிருக்கிறதாம். த்சொ த்சொ என்றார் பத்ரி. கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்குமா, எத்தனை தடவை, பேப்பரில் பேர் வருமா என்றும் கேட்டார். ஏட்டு பொறுமையாகப் பதில் சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் தனபாலனும் பெண்ணும் வந்தார்கள். தனபாலன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய வேட்டி நுனி தரையில் புரண்டுகொண்டு வந்தது. ஸ்வர்ணலதா இரண்டு நாள் தூங்காத முகத்தோடு, துப்பட்டாவை விரலில் சுற்றிச் சுற்றி, நேராக பெஞ்சுக்கு வந்து நின்றாள். பத்ரி சுவரோடு ஒதுங்கினார். திட்டப் போகிறாள், எல்லார் எதிரிலும் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தார்.

"சார், அந்தம்மா உயிரோட இருக்காங்களா?" என்றாள். "அப்பா யாரையும் கேக்க விடல. நீங்க இவ்வளவு நேரமா இங்கதான இருக்கிய, எப்படி இருக்காங்க சார்? பேரு என்ன? பொழச்சிருவாங்களா?"

பத்ரி வாயைத் திறந்தார். சூடாமணி அவரைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"கேக்கலைம்மா," என்றார் பத்ரிநாராயணன்.