தலைக்கணக்கில் விடுபட்ட கார்மேகம்

1

இது கதையாகப் பிறந்ததல்ல. ஷார்ஜாவில் எங்கள் ஜெபக்குழு கொண்டுவரும் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'பண்டைய இஸ்ரவேலரின் கோத்திரக் கணக்கெடுப்புகள்: பொருளும் பின்னணியும்.' விவரம் கேட்கத்தான் அஜ்மானுக்கு, மணிமாறன் அண்ணனிடம் போனேன். நாசரேத் பக்கத்துக்காரர். ஒரு கட்டுமானக் கம்பெனியின் லேபர் கேம்ப்புக்கு இன்சார்ஜ். வெள்ளிக்கிழமைகளில் அங்குள்ளவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பவர்.

மோசே எதற்காக ஜனங்களை எண்ணினார் என்று கேட்டேன். அவர் கார்மேகம் என்று ஒருவனைப் பற்றிச் சொன்னார். கட்டுரை அந்த இடத்தில் நின்றுபோனது.

2

முதல் தொடக்கம்: 'எகிப்தைவிட்டுப் புறப்பட்ட மறுவருடம், சீனாய் வனாந்தரத்தில், கோத்திரம் கோத்திரமாக —'

(வேண்டாம். வாசகர் தூங்கிவிடுவார்.)

இரண்டாவது: 'கார்மேகம் ஒரு கல்லிவல்லி.'

(வளைகுடாவில் விசா கொடுத்த முதலாளியான கஃபீலிடமிருந்து ஓடிவந்து, விசா இல்லாமல் ஒளிந்து வேலை செய்கிறவனை அப்படித்தான் சொல்வார்கள். உண்மைதான். ஆனாலும் ஒரு மனிதனை அறிமுகம் செய்யும் லட்சணமா இது?)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: கார்மேகம் பேசுவதற்கு முன்பே சிரித்துவிடுவான். முதுகுளத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். கொத்தனார் வேலை என்று அழைத்துவந்தவர்கள் மலையடிவாரத்துக் கல்குவாரியில் கொண்டுபோய் விட்டார்கள். தூசியில் மூச்சு முட்டி ஓடிவந்தவனுக்கு, லீவில் போயிருந்த ஒருவனின் கட்டிலைக் காட்டி, "சத்தம் காட்டாம படுத்துக்கோ டே" என்றவர் மணிமாறன்தான். அந்த இரக்கத்தை மறந்துவிட்டு இனி வருவதைப் படிக்காதீர்கள்.

3

2005 டிசம்பர். நாடு முழுவதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கேம்ப்பிலும் அதே பேச்சாக இருந்ததால், அந்த வெள்ளிக்கிழமை மணிமாறன் இஸ்ரவேலரை எண்ணிய கதையை எடுத்துக்கொண்டார். கார்மேகத்துக்கு வேதத்தில் ஈடுபாடு கிடையாது. கருப்பசாமி கும்பிடுகிறவன். கூட்டத்தோடு உட்கார்ந்திருக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இருபது வயதுக்கு மேல் யுத்தத்துக்குப் போகத்தக்க ஆண்களைப் பேர்பேராக எண்ணினார்கள் என்று மணிமாறன் சொன்னார். எபிரெய மொழியில் 'எண்ணு' என்பதற்குத் 'தலையைத் தூக்கு' என்று ஒரு வழக்கு உண்டு என்றும் சொன்னார்.

கார்மேகம் சிரித்துவிட்டுக் கேட்டான்: "எண்ணுன ஆளுக பூராம் பெறகு என்ன ஆனாகண்ணே?"

"வனாந்தரத்துலயே செத்துப்போனாங்க. ரெண்டே ரெண்டு பேர் தப்பிச்சாங்க."

"அப்ப எதுக்கு மெனக்கெட்டு எண்ணுனாரு?"

"செத்தாலும், செத்தது யாருன்னு தெரியணும்லா."

சிரிப்பு நின்றது. "அப்ப என்னையும் எண்ணச் சொல்லுங்கண்ணே. விசாவெல்லாம் கேக்க மாட்டாகன்னு சொல்றாக."

"பாப்போம் டே."

(கட்டுரைக்காக வைத்திருந்த குறிப்பு, இங்கேயே கிடக்கட்டும்: தாவீது ராஜா எண்ணியபோது கொள்ளைநோய் வந்தது. ஜனங்கள் தன்னுடையவர்கள் என்ற நினைப்பில் எண்ணியதுதான் குற்றம் என்கிறார்கள். வனாந்தரத்து எண்ணிக்கை வேறு வகை. அதில் ஒவ்வொருவனுக்கும் ஒரு தகப்பன் வீடும், பாளயத்தில் ஓர் இடமும் இருந்தன. தமிழிலும் எண்ணுவதும் நினைப்பதும் ஒரே சொல்தானே. இதைப் பத்தியாக வளர்க்கலாமென்றால் —)

வளரவில்லை. கார்மேகம் குறுக்கே நிற்கிறான்.

4

கணக்கெடுக்க வந்தவர் ஒரு சூடானியர், சாதுவான மனிதர். அவர் வருவதற்குச் சற்று முன்னால் மணிமாறன் கார்மேகத்தைக் கூப்பிட்டார்.

"நீ கடைப்பக்கம் போயிட்டு வந்துரு. அவங்க போன பெறகு வந்தாப் போதும்."

"அண்ணே, நீங்கதான…"

"சொன்னதக் கேளு டே. யல்லா, கிளம்பு."

அவன் கடைப்பக்கம் போகவில்லை. ஜன்னலுக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில் நின்றான். சூடானியர் அறை அறையாக வந்தார். ஒவ்வொருவரிடமும் பேர், வயது, நாடு, படிப்பு கேட்டார். யாரிடமும் விசா கேட்கவில்லை. கடைசிக் கட்டிலுக்கு மேல் ஒரு ஈரச்சட்டை தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு ஹிந்தியில் கேட்டார்: "இங்கே யாரு, பாய்?"

"மாஃபி," என்றார் மணிமாறன். யாருமில்லை.

"இந்தச் சட்டை?"

"லீவுல போனவனோடது."

சூடானியர் அந்தச் சட்டையைக் கொஞ்சம் பார்த்தார். அடுத்த அறைக்குப் போனார்.

5

இந்த இடத்தில் மணிமாறனைக் கோழையாக எழுதுவது எளிது. அவருக்காக வாதாடுவதும் எளிது: கல்லிவல்லிக்கு இடம் கொடுத்தால் ஜெயில், அப்புறம் நாடு கடத்தல், ஊரில் பிள்ளைகளின் படிப்பு. இதையெல்லாம் சேர்த்து எழுதட்டுமா என்று அவரையே கேட்டேன்.

"வேண்டாம். பயம்னு எழுதும். வேற என்னத்த எழுத?"

6

சூடானியர் போனதும் கார்மேகம் உள்ளே வந்தான். ஈரச்சட்டையை எடுத்து, அப்படியே பைக்குள் திணித்தான்.

"எங்க கிளம்புத?"

"நல்லதுண்ணே. இல்லன்னு சொல்லிட்டீக. இல்லாத ஆளு இங்கின எதுக்கு?"

"ஏ, உன்னக் காப்பாத்தத்தான டே…"

"தெரியும்ணே." அந்தத் 'தெரியும்' என்ற சொல்லில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன் என்கிறார் மணிமாறன். கோபம் இல்லை. மணிமாறன் அவன் கையைப் பிடித்தார். கார்மேகம் மெதுவாக விடுவித்துக்கொண்டு போய்விட்டான்.

2007-இல் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். விசா இல்லாதவர்கள் தண்டனையில்லாமல் ஊர் திரும்பலாம். டியூட்டி இல்லாத நேரமெல்லாம் மணிமாறன் அந்த வரிசைகளில் போய்த் தேடினார். வெயிலில் பைகளோடு நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அங்கே நின்றவர்களில் பொன்னுச்சாமி என்ற தச்சன் மட்டும் கார்மேகத்தோடு ஒரே ரூமில் இருந்திருந்தான்.

"ஊருக்குக் கூப்புட்டேனுங்க. வரமாட்டேன்னுட்டான். நெஞ்சு சரியில்ல, இருமிக்கிட்டே கெடந்தான். ஊருக்குப் போய்ப் படுக்கமாட்டேன், சரியாகட்டும்னான்."

"எந்த ரூம்?"

சொன்னான். மணிமாறன் அன்றைக்கே போனார். அந்தக் கட்டடத்தையே இடித்துக்கொண்டிருந்தார்கள்.

7

முடிவு ஒன்று: கார்மேகம் பிழைத்து ஊர் சேர்ந்தான். (அதற்கு என்னிடம் சாட்சி இல்லை.)

முடிவு இரண்டு: ஏதோ ஒரு சவக்கிடங்கில், பேர் தெரியாத — (எழுத மாட்டேன்.)

மலரின் தொகுப்பாளர் பானுமதி டீச்சர் இதைப் படித்துவிட்டு, பேர்களை மாற்றிவிடுங்கள், யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்றார். மணிமாறனிடம் போனில் சொன்னேன்.

"எம் பேர மாத்தினா மாத்தும். அவன் பேர மாத்தாதீரும். ஊரையும் அப்படியே போடும்."

ஆகவே போட்டிருக்கிறேன். இதைப் படிக்கிற உங்களுக்கு முதுகுளத்தூர்ப் பக்கம் போக்குவரத்து இருந்தால் விசாரித்துப் பாருங்கள். வளைகுடாவில் சோனாப்பூர் கேம்ப்பிலோ, யான்புவிலோ, வேறெங்கோ அப்படி ஒருவர் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தால், பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். அவர் திரும்பிப் பார்த்தால், இந்தக் கதையை அவரிடமே கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்.