சின்மயிக்கு லேமினேஷன் போட்டது

ராஜகீழ்ப்பாக்கத்தில் ராகவேந்திராவின் மகள் சின்மயி ஏழாவது வயதில் காகிதமாகிப் போனாள். தாம்பரம் மார்க்கெட்டில் தக்காளி எண்பதுக்கு ஏறிய வாரம் அது. தெருவில் தக்காளியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஒரே நாளில் நடந்த காரியமும் இல்லை. முதலில் கன்னம் வற்றியது, பிறகு தோள், பிறகு மூக்கு. ஒரு நாள் காலை பல் தேய்க்க எழுப்பப் போனபோது, போர்வைக்கும் விரிப்புக்கும் நடுவில் பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது. அவளுடைய அம்மா ஸ்நேகா இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். நின்றாள். இரட்டைச் சடை, முழங்கால் தழும்பு, விழுந்த பல்லின் இடைவெளி, எல்லாம் இருந்தபடியே இருந்தன. பேசினாள், சிரித்தாள். பக்கவாட்டில் பார்த்தால் மட்டும் ஒரு கோடு.

ஸ்நேகாவைக் குறை சொல்கிறவர்கள் முழு விஷயத்தையும் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். சின்மயி யூ.கே.ஜி. படித்த பள்ளியில் ஒரு சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். வகுப்பு டீச்சர் கையிலிருந்த அட்டையைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், உங்கள் பெண் ஆவரேஜ்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள். ஆவரேஜாம்! சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் ஒரு கூட்டத்தையே மேய்த்தவள் ஸ்நேகா. படித்த காலத்தில் பள்ளிக்கே முதல். அவள் வயிற்றில் பிறந்தது ஆவரேஜா? வேளச்சேரி மெயின் ரோடு நெடுக அழுதுகொண்டே ஸ்கூட்டி ஓட்டி வந்தாள். அடுத்த மாதமே வேலையை விட்டாள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்தாள், வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கப் போகிறேன், இவளை யாரும் இனி வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்றாள். ராகவேந்திரா ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தான். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சரி என்று சொல்லிவிட்டு ஓடினான்.

சும்மா சொல்லக்கூடாது, ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய தராசு, எடைக்கல், காந்தம், ஒரு பை நிறையச் சட்டைப் பொத்தான் என்று வாங்கி வந்தாள். ஹாலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்து அதில் ராஜ்மா, பட்டாணி, கலர் போட்ட அரிசி எல்லாம் கொட்டினாள். சின்மயி முழங்கை வரைக்கும் கையை விட்டு அளைவாள். தாம்பாளத்தில் உப்பைப் பரப்பி விரலால் எழுத்துப் போடுவாள். பட்டாணி முளைவிட்டால் ஒவ்வொரு முளைக்கும் பெயர் வைப்பாள். மூன்றும் மூன்றும் எத்தனை என்று கேட்டால், ஒன்றைத்தான் நான் தின்றுவிட்டேனே என்பாள். சந்தோஷமான பிள்ளை. ஆனால் தொட்டியில் அளைகிற கையைப் படம் எடுத்து அம்மாக்கள் குழுவில் போட்டால் யார் வாயைப் பிளப்பார்கள்? புறநகர்ப் பக்கத்தில் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கிற அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அதில் கூடுவாஞ்சேரி ஜென்சி, தன் மகள் பதிமூன்றாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் சொல்கிற வீடியோவைப் போட்டாள். அன்று ஸ்நேகாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பிரிண்டர் வாங்கினாள். புள்ளிகளைச் சேர், ஒன்றுபோல் இருப்பதை வட்டமிடு, நிழலோடு பொருத்து, வெட்டி ஒட்டு என்று இணையத்தில் இலவசத் தாள்கள் கொட்டிக் கிடந்தன. ராஜகீழ்ப்பாக்கத்துப் பிள்ளை சித்திரை வெயிலில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து பனிமனிதனுக்குக் கேரட் மூக்கு ஒட்டியது. காலையில் இட்லியோடு ஒரு கட்டு, சாயந்தரம் பாலோடு ஒரு கட்டு. தொட்டி மொட்டைமாடிக்குப் போனது, ராஜ்மாவில் வண்டு விழுந்தது. சின்மயி ஒரு தாளைக்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. முடித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அம்மா சிரித்தால் அடுத்ததை எடுப்பாள். எடுக்க எடுக்க மெலிந்தாள். சேலையூர் டாக்டர் முதலில் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். முழுக்கக் காகிதமான பிறகு கொண்டுபோனபோது, எடையே காட்டாத பிள்ளைக்கு மருந்து அளவு சொல்ல முடியாது என்று ஃபீஸையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

ஸ்நேகா அழுதாள். பெற்றவள் அல்லவா, பாயில் புரண்டு அழுதாள். மின்விசிறி போட்டால் பிள்ளை பறந்துவிடுமோ என்ற பயத்தில், எங்காவது போய் விழுந்தாலும் யாராவது கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று, ஸ்கெட்ச் பேனாவால் சின்மயியின் கையில் தன் போன் நம்பரை எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் பிள்ளை அந்த நம்பரைக் கடகடவென்று ஒப்பித்தது. ஸ்நேகா அழுகையை நிறுத்தினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்குத் தெரியாத பதினேழாம் வாய்ப்பாட்டை முதுகில் எழுதினாள். பிள்ளை முன்னாலிருந்தும் சொன்னது, பின்னாலிருந்தும் சொன்னது. இடது காலில் உலகத்துத் தலைநகரங்கள், வலது காலில் தனிமங்கள், வயிற்றில் ஆங்கில வினைச்சொற்கள். எழுதியது எல்லாம் அந்த நொடியே தெரிந்தது.

சின்மயி ஒப்பிக்கிற வீடியோ குழுவில் வந்ததும் அம்மாக்கள் ஆடிப்போனார்கள். பெருங்களத்தூரிலிருந்தும் மேடவாக்கத்திலிருந்தும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து பார்த்தார்கள். ஒருத்தியாவது ஐயோ பிள்ளை இப்படி ஆகிவிட்டதே என்று கேட்டிருக்க வேண்டுமே! எந்தத் தளத்திலிருந்து பிரிண்ட் எடுத்தீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை தாள் கொடுத்தீர்கள் என்றுதான் கேட்டார்கள். தீபாவளிக்குள் வேறு நாலைந்து வீடுகளிலும் பிள்ளைகள் காகிதமானார்கள். ஜென்சியின் மகளும் ஆனாள்.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்தது. முடிச்சூர்ப் பக்கம் தெருவில் படகு விட்டார்கள், ராஜகீழ்ப்பாக்கத்தில் சுவரெல்லாம் ஓதம் காத்தது. அந்த ஈரத்தில் சின்மயி ஊறினாள். முதலில் விரல்கள் உப்பின, பிறகு கை உருண்டது, கன்னம் வந்தது. மத்தியானம் சாம்பார் சாதம் கேட்டு இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். சாப்பிட்ட கையோடு மொட்டைமாடிக்கு ஓடி, வண்டு விழுந்த தொட்டியில் முழங்கை வரைக்கும் கையை விட்டுக்கொண்டு மழையில் நின்று கத்தினாள். எழுதியிருந்ததெல்லாம் கரைந்து இறங்கியது. தலைநகரங்கள் கணுக்காலில் நீலமாக வழிந்து, மாடிக் குழாய் வழியாகத் தெருச் சாக்கடையில் கலந்தன. மழையால் பாதி ஷிஃப்டில் வீட்டுக்கு வந்த ராகவேந்திரா மகளைத் தூக்கினான்.

"விட்டுடு ஸ்நேகா. கனமா இருக்கா பாரு" என்றான்.

ஸ்நேகாவும் வாங்கித் தூக்கிப் பார்த்தாள். கனமாகத்தான் இருந்தாள். ஈரத் தலை கழுத்தில் பட்டபோது அவளும் இறுக்கி அணைத்துக்கொண்டாள், இதில் பொய்யில்லை. ஆனால் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வட்டார அறிவுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. இடுப்பில் வைத்துக்கொண்டே, ஏழெட்டு எவ்வளவு என்று மெதுவாகக் கேட்டாள். தெரியலையேம்மா என்று சிரித்தது பிள்ளை. அந்தச் சிரிப்பில் ஸ்நேகாவுக்கு டீச்சரின் குரல் கேட்டது. இறக்கிவிட்டாள். தலையைத் துவட்டி, ஹேர் டிரையர் போட்டு, மேலே மெல்லிய துண்டை விரித்து, பட்டுப்புடவைக்கு வைக்கிற சூட்டில் இஸ்திரி போட்டாள். சுடாமல் பார்த்துத்தான் போட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் சின்மயி பழையபடி தட்டையானாள்.

அந்தக் குழுவில் எந்தத் தாளையும் ஒருமுறை செய்து தூக்கிப் போடுவது பாவம். லேமினேட் செய்துவிடுவார்கள், மார்க்கரால் எழுதலாம், துணியால் துடைக்கலாம், மறுபடியும் எழுதலாம், அடுத்த பிள்ளைக்கும் ஆகும். பொம்மைக் கடிகாரத்துக்கு, பழப் படத்துக்கு, அன்றாட அட்டவணைக்கு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பிளாஸ்டிக் மாட்டிப் பழகிய கை. மழைக்கும் பயமில்லை, இடம் தீர்ந்துபோகும் என்ற கவலையும் இல்லை, இதைவிட நல்ல வழி ஸ்நேகாவுக்குத் தோன்றவில்லை. வீட்டு மெஷினில் சின்னத் தாள்தான் போகும் என்பதால், மகளைச் சுருட்டி ஸ்கூட்டியில் முன்னால் நிறுத்திக்கொண்டு கேம்ப் ரோட்டில் தயாளனின் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். வரைபடங்களுக்குப் போடுகிற பெரிய ரோல் மெஷின் அவனிடம் இருந்தது.

தயாளன் பிள்ளையை மேஜையில் விரித்து, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவினான். பேப்பர் நல்லா கீது மேடம் என்றான். மெஷின் சூடேறிக்கொண்டிருந்தது. சின்மயி படுத்தபடியே அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, ஒரு கையை மட்டும் வெளிய விடேன்மா."

எதுக்கு என்று ஸ்நேகா கேட்டாள். தொட்டியில போட என்றாள் சின்மயி. ஒரு கைதானே, விடலாமா என்று ஸ்நேகா தயாளனைக் கேட்டாள்.

"ஓரம் உட்டா அந்தாண்டேர்ந்து தண்ணி பூந்துக்கும் மேடம், மொத்தமும் ஊறிக்கும். சுத்தி ஒட்டணும். இன்னொண்ணு, ஒருவாட்டி ஒட்டிட்டா பிரிக்க முடியாது. பிரிச்சா பேப்பரும் கூடவே கிழிஞ்சிகினு வந்துடும். நல்லா யோசிச்சிக்கோங்க."

கடைவாசலில் ஒரு பஸ் போய், இன்னொரு பஸ்ஸும் போகிற நேரம் ஸ்நேகா யோசித்தாள். பிறகு மகளின் கையை எடுத்து உடம்போடு ஒட்டி நேராக வைத்தாள்.

"முழுசாவே போட்டுடுங்கண்ணா."

பாதி உள்ளே போனபோது சூடா இருக்கும்மா என்று ஒரு குரல் வந்தது. அந்தப் பக்கம் வெளியே வரும்போது வழவழவென்று, பளபளவென்று வந்தாள். தயாளன் ஓரங்களைக் கத்தரித்து, குத்தாமலிருக்க மூலைகளை வளைத்துக் கொடுத்தான்.

அதே மழையில் ஜென்சி தன் மகளைக் கூடுவாஞ்சேரி மொட்டைமாடியில் வேண்டுமென்றே நனையவிட்டாளாம். பெண் ஊறிப் பழையபடி ஆனதும், ஸ்டேஷன் பக்கத்துப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, குழுவை விட்டே வெளியேறினாள். அந்தப் பெண் இன்றைக்கு அம்மாவைவிட உயரம், நல்ல சாப்பாடு, படிப்பு சுமார். பாவம் ஜென்சி என்று குழுவில் பேசிக்கொண்டார்கள்.

சின்மயி தாம்பரத்தில் ஜெயித்தாள், அப்புறம் செங்கல்பட்டில், அப்புறம் எல்லா இடத்திலும். முந்தின பாடத்தைத் துடைப்பது, அடுத்த பாடத்தை எழுதுவது, அவ்வளவுதான் வேலை. ஒரு பரிசளிப்பில் அந்தப் பழைய டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். மேடைக்கு வந்து, இவள் என் ஸ்டூடண்ட் என்றுகூடச் சொன்னாள். பல வருஷம் கழித்து ஸ்நேகா அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள். பிளாஸ்டிக்குக்குள் எதுவும் போகாததால் சின்மயிக்குப் பசிக்கவில்லை, வளரவுமில்லை. தெருவில் அவளோடு சைக்கிள் விட்ட பிள்ளைகளுக்கு மீசை முளைத்தது. மின்சார ரயிலேறிக் கல்லூரிக்குப் போனார்கள். இவளுக்கு அந்தப் பல் இடைவெளிகூட மாறவில்லை. ஒரே ஒருமுறை, ஸ்நேகா கடைக்குப் போயிருந்தபோது, ராகவேந்திரா பிளேடை எடுத்து ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தான். காதில் ஒரு துணுக்கு கையோடு வந்துவிட்டது. பிள்ளை அழக்கூட இல்லை. செல்லோ டேப் போட்டு ஒட்டிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். அதற்குப் பிறகு மாதம் ஒரு பெட்டி மார்க்கர் வாங்கி வருவதோடு சரி.

எழுதினதைத் துடைக்கும்போது எழுதாததும் கொஞ்சம் கூடவே போகிறது என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகிறதே என்ற சந்தோஷத்தில் இருந்தார்கள். முளைகளுக்கு வைத்த பெயர்கள் போயின, மழை போயிற்று, தன் முழங்கால் தழும்பு எப்படி வந்தது என்பதும் போயிற்று. போன தையில் ஒரு திங்கட்கிழமை, ஸ்நேகா நெற்றி முதல் கால் வரை துடைத்து நிமிர்த்தி நிறுத்தினாள். சின்மயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இன்னிக்கு என்ன பாடம்?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிள்ளையின் முகத்தில் விளையாட்டு இல்லை. அடுத்த வீட்டுக்கு வந்த பிள்ளை எவ்வளவு மரியாதையாக நிற்குமோ அப்படி நின்றது. ஸ்நேகா சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். என்னத்தைச் செய்வாள்? தெரிந்த வேலை ஒன்றுதான். எழுந்து வந்து, நீல மார்க்கரின் மூடியைக் கழற்றி, கழுத்துக்குக் கீழே சுத்தமாக இருந்த இடத்தில், இவள் உன் அம்மா, பெயர் ஸ்நேகா என்று எழுதினாள். அம்மா என்றாள் சின்மயி. உச்சரிப்பில் ஒரு பிழை இல்லை.

இப்போது தினமும் காலையில் பாடத்துக்கு முன்னால் அந்த வரியை எழுதிவிடுகிறார்கள். சாயந்தரத்துக்குள் உரசி மங்கிவிடும். மறுநாள் மறுபடியும் எழுத வேண்டும். போட்டி இருக்கிற வாரத்தில் மட்டும் அந்த இடமும் பாடத்துக்கு வேண்டியிருக்கிறது. அந்த வாரம் முழுக்க ஸ்நேகா ஆன்ட்டியாகவே இருந்துவிடுகிறாள்.