ஜியாவுதீனின் பிறைக் கணக்கு

ஆம்பூர் அப்துல் வஹாப் பாயின் மகன் ஜியாவுதீன் பட்டணத்தில் வானசாஸ்திரத்தில் எம்.ஏ. முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். ஆகாயத்தைப் பார்க்கும் படிப்பு என்று ஊரில் பேச்சு. சேர்ந்த நாள் முதல் அவன் பார்த்ததெல்லாம் கணக்கு அட்டவணைகள்தான். அதிலேயே கண்ணாடியும் போட்டாயிற்று.

ரம்ஜான் விடுமுறைக்கு வந்தவனை வஹாப் பாய் நேராகவே கேட்டார். "நட்சத்திரம் படிச்சு நம்ம தோல் ஷாப்புக்கு இன்னாடா பிரயோஜனம்?"

"பெருநாள் எப்போன்னு முன்னாடியே சொல்லிடலாம் அத்தா."

வஹாப் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோல் பதனிடும் ஷாப்பு அவருடையது; சுண்ணாம்புத் தொட்டியில் ஒரு நாள் ஜாஸ்தியாகக் கிடந்தால் தோல் பாழ். பெருநாள் இன்றா நாளையா என்று தெரியாமல் தொட்டி பார்ப்பது வருஷா வருஷம் பெரிய பேஜார்.

"சரி, சொல்லு. கணக்கு பலிச்சா ரெண்டாம் வருஷம் படி. இல்லன்னா ஷாப்புல வந்து குந்து."

ஜியாவுதீன் ராவெல்லாம் கணக்குப் போட்டான். இருபத்தொன்பதாம் நோன்பு அந்தியில் பிறை நிச்சயம் தெரியும் என்றான். வஹாப் பாய் அதை நம்பித் தொட்டியிலிருந்து தோல்களை முன்கூட்டியே வெளியே எடுக்கச் சொன்னார், மேஸ்திரி வேலுவிடம் ஆட்களுக்கு லீவு சொல்லிவிட்டார், ஆடும் அறுத்துவிட்டார். கடைத்தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் மகனின் கணக்கைச் சொல்லியும் வைத்தார்.

ஐப்பசி மாதத்தில் மேகம் வரும் என்பதை மட்டும் அப்பனும் பிள்ளையும் யோசிக்கவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் மாலை பள்ளிவாசல் மாடியில் ஊரே நின்றது. மேற்கே கறுப்புக் கம்பளி போர்த்தியது போல மேகம். வேலூரிலும் அப்படித்தான் என்று ரயிலில் வந்தவர்கள் சொன்னார்கள்.

காஜி எல்லாரையும் கேட்டுவிட்டு ஜியாவுதீனிடம் வந்தார். "கணக்கு செல்லாது தம்பி. கண்ணால பாத்தியா?"

'ஆமாம்' என்றால் போதும். படித்த பிள்ளையின் சாட்சியை யாரும் மறுக்கப்போவதில்லை. ஊருக்குப் பெருநாள், அவனுக்கு ரெண்டாம் வருஷம். வஹாப் பாய் அவன் கையை அழுத்திப் பிடித்தார். ஜியாவுதீன் மேற்கே பார்த்தான். பாழாய்ப்போன பிறை மேகத்துக்குப் பின்னால் அங்கேதான் இருந்தது.

"பாக்கல ஹஜ்ரத்," என்றான். "ஆனா இருக்கு."

மாடி முழுக்கச் சிரித்தது. நாளைக்கும் நோன்பு என்று காஜி அறிவித்துவிட்டு இறங்கிப் போனார். பக்கத்து ஷாப்பு அப்துல் கரீம் சும்மா இருக்கவில்லை. "இன்னா வஹாப் பாய், பட்டணம் அனுப்பிப் படிக்க வெச்சும் புள்ளைக்குப் பிறைகூடத் தெரியலையே!"

வஹாப் பாய் மகனைப் பார்த்தார். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"எம்.ஏ. ரெண்டு வருஷம் கரீம் பாய்," என்றார் வஹாப் பாய், சாவகாசமாக. "பிறை ரெண்டாம் வருஷத்துலதான் வருது. போயி படிச்சிட்டு வருவான்."

ஊர் முன்னால் சொன்ன சொல்லை அவர் மாற்றுகிறவர் இல்லை. பாடத்தில் அப்படி ஒன்றும் கிடையாது என்பது ஜியாவுதீனுக்குத் தெரியும். துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு அத்தாவின் பின்னாலேயே மாடி இறங்கினான்.