அந்த நிழலை எடுத்துடு

அக்கா ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இரத்தம் கொட்டும் என்று உதட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். தங்கையைத் தாண்டி நேராகப் பின்னறைக்குப் போய் வாஷ்பேசினில் துப்பினாள். வெள்ளைப் பீங்கானில் சிவப்பு ஓடிய கையோடு ஒரு பல்லும் டக்கென்று விழுந்தது.

"கடைவாய்ப் பல்லுதான். வெளிய தெரியாது" என்றாள், என்னமோ தங்கைக்குத்தான் பல் போனது போல ஆறுதலாக.

தங்கைக்கு அந்தத் தெருவில் சுண்ணாம்பு என்று பெயர். அவள் படம் எடுத்தால் எப்பேர்ப்பட்ட முகமும் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். பரு இருக்காது, தழும்பு இருக்காது; விட்டால் மூக்கைக்கூட எடுத்துவிடுவாள் என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் கேலி பேசுவார். அந்தப் பெயரால்தான் கடைக்குக் கூட்டமே வந்தது. ஆகவே அவள் அதற்காக முகம் சுளித்ததில்லை. அவளைக் குத்திக்கொண்டிருந்தது வேறொன்று. ஆசை ஆசையாக ஒரு போட்டிக்குப் படங்கள் அனுப்பியிருந்தாள். திருப்பிக் கொடுத்த நடுவர் தங்கமான மனிதர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "எல்லாம் பளிங்கு மாதிரி இருக்கும்மா. எடுத்தது யாருன்னுதான் தெரியல." அன்றிலிருந்து அந்தப் பேச்சு செருப்புக்குள் மாட்டிய கல் மாதிரி அவளோடு நடந்துகொண்டிருந்தது.

அக்கா வாயைக் கொப்பளித்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். காலையில் துணிந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். பின்னாலேயே அத்தானும் வந்துவிட்டார், இஸ்திரி போட்ட சட்டை, கக்கத்தில் கண்ணாடி போட்ட படம். போன மாதம் கல்யாண நாளுக்கு இதே ஸ்டூடியோவில், இதே முக்காலியில் எடுத்த படம். அக்கா உட்கார்ந்திருப்பாள், அத்தான் அவள் தோளில் கை வைத்து நிற்பார். மாதக்கணக்காக அடிக்கிறேனாம், முகத்தைப் பாருங்கள், ஒரு கீறல் இருக்கிறதா, எடுத்ததும் வேறு யாருமில்லை, இவளுடைய சொந்தத் தங்கச்சிதான் என்று மேஜைமேல் நிறுத்திக் காட்டியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் அம்மா படத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். காயம் எங்கே என்று கேட்டாள். காயமெல்லாம் தோளிலும் முதுகிலும். அத்தனை ஆம்பிளைகள் நடமாடும் இடத்தில் அக்கா எதை விலக்கிக் காட்டுவாள்? அவர் ஒரு படம் காட்டுகிறார், நீங்களும் சாயங்காலத்துக்குள் ஏதாவது கொண்டுவந்து காட்டுங்கள், இல்லையென்றால் சமாதானமாகப் போய்க் குடும்பம் நடத்துங்கள் என்று அந்த அம்மா அனுப்பிவிட்டாள்.

அத்தான் பைக்கில் பக்குவமாகத்தான் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குள் தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தோடு அடியும் விழ ஆரம்பித்தது. அவர் கை கழுவப் போன நேரம் பார்த்து இவள் ஓடி வந்திருக்கிறாள்.

"இன்னைக்குப் படம் இல்லேன்னா நான் அந்த வீட்டுக்குத்தான் திரும்பப் போகணும். போனா அடுத்த தடவை இங்க வர எனக்குக் கால் இருக்காது" என்றாள் அக்கா. "அந்தப் படத்துல இருந்ததை நீ என்னடி பண்ணினே?"

என்ன பண்ணினாள் என்று தங்கைக்குத் தெரியாதா? அன்று அத்தான் கம்ப்யூட்டர் முன்னால் அவளுக்குப் பின்னால் நின்று, திரையில் அக்காவின் இடக்கன்னத்தின்மேல் விரலை வைத்தார். "கொழுந்தியா, அந்த நிழலை எடுத்துடு." விளக்கு இருந்ததே இடப்பக்கம். வெளிச்சம் விழுகிற கன்னத்தில் நிழல் எப்படி வரும் என்று கேட்க வேண்டிய தொழில்காரி அவள். கேட்பதற்குள் கை எடுத்துவிட்டது. பரு எடுத்துப் பழகிய கை, நீலம் பாரித்ததையும் பருவாகவே நினைத்துத் துடைத்துவிட்டு, துடைத்ததை அசல் படத்தின்மேலேயே சேமித்தும் விட்டது. பழைய முகம் இனி எங்கும் இல்லை.

இதை அவள் சொன்னாள். அக்கா திட்டவில்லை. எழுந்துபோய் அதே முக்காலியில் உட்கார்ந்து, தோளிலிருந்து துணியை விலக்கினாள். "அப்ப இதை எடு."

சுண்ணாம்பு எடுத்தாள். வெளிச்சத்தை மெத்தென்று பரப்பும் பெரிய வெள்ளைக் குடை விளக்கைப் போட்டாள், எப்போதும் போல. திரையில் பார்த்தால் அக்கா ஜொலித்தாள். தோளின் கன்றல் பாலில் விழுந்த மாதிரி கரைந்துபோயிருந்தது. வீங்கிய தாடை கொழுகொழு கன்னமாகிவிட்டது. போதாக்குறைக்கு அக்கா சிரித்துக்கொண்டு வேறு இருந்தாள்.

"என்னடி, கல்யாணப் பொண்ணாட்டம் இருக்கேன்."

மறுபடி எடுத்தாள். மறுபடியும் கல்யாணப் பொண்ணு. கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை; அதற்கு முன்னால் விளக்கே அழித்துவிட்டது. இத்தனை காலம் கற்ற வித்தையெல்லாம் இதற்குத்தானா?

"சிரிக்காதக்கா."

"நானா சிரிக்கிறேன்? யாராவது எதிர்ல நின்னு உத்துப் பாத்தா தானா வந்துடுது. சிரிச்சா அடி ஒண்ணு குறையும்."

சுண்ணாம்பு குடையைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. காலை வைத்து மிதித்தாள். கம்பி முறிந்தது, துணி டர்ரென்று கிழிந்தது. மூடியில்லாத விளக்கைத் தூக்கிக்கொண்டு அக்காவின் பக்கவாட்டில் போய், தோளுக்குச் சமமாகத் தாழ்த்திப் பிடித்தாள். வெளிச்சம் தோலின்மேல் சீவிக்கொண்டு போனது. அப்போதுதான் எல்லாம் எழுந்து நின்றது. ஒவ்வொரு வீக்கத்துக்கும் ஒரு மேடு, ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல். தோளில் விரல்கள் பதிந்திருந்தன, கல்யாண நாள் படத்தில் கை வைத்திருந்த அதே இடத்தில். விளக்கை அதே உயரத்தில் ஒரு ஸ்டாண்டில் மாட்டிவிட்டுக் கேமராவை எடுத்தாள். ஒரு படம்தான் எடுத்திருப்பாள்.

கண்ணாடிக் கதவை யாரோ நாசூக்காகத் தட்டினார்கள்.

"கொழுந்தியா, லைட்டெல்லாம் பலமா இருக்கே" என்றபடி அத்தான் உள்ளே வந்தார். கை சுத்தமாகக் கழுவியிருந்தது. முக்காலியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அக்காவின் கூந்தலைக் கையில் சுற்றி ஒரே இழுப்பு. முக்காலி உருண்டது. அக்காவின் நெற்றி மேஜை விளிம்பில் மோதிய சத்தம் தேங்காய் விழுந்த மாதிரி கேட்டது. ஒரு உதை விலாவில் இறங்கியது. இன்னொரு உதை ஸ்டாண்டில் பட்டு, விளக்கு சுண்ணாம்பின் காலுக்குப் பின்னால் போய் விழுந்தது. அணையவில்லை, கீழிருந்து மேலே எரிந்தது.

சுண்ணாம்பு கேமராவை ஓங்கினாள். அதன் கனத்துக்கு அவர் மண்டை பிளந்திருக்கும். ஆனால் தரையில் கிடந்த அக்கா, கூந்தல் அவர் முஷ்டியில் இருக்க, வாயில் இரத்தத்தோடு கத்தினாள்: "எடுடி!"

அத்தான் சிரித்தார். "எடு, எடு. நல்லா எடு. நீதான் அழிச்சிடுவியே."

எடுத்தாள். அவர் ஒரு எட்டு வைத்துக் கேமராவோடு சேர்த்து அவள் முகத்தில் குத்தினார். கேமராவின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. கண்ணுக்குள் சூடாக வழிந்தது. எதிரே இருப்பது தெரியவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக அவள் பார்க்காமல் எடுத்தாள். வெளிச்சம் அளக்கவில்லை, கோணம் பார்க்கவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை. விழுந்து எழுந்து எடுத்தாள். சுவரில் முதுகு இடிக்க எடுத்தாள். அவர் கழுத்தைப் பிடித்தபோது கேமராவை இடுப்பில் வைத்துக்கொண்டு எடுத்தாள். அவள் கழுத்தை விட்டது அவராக விட்டதல்ல. அக்கா அவர் கணுக்காலைக் கடித்துத் தொங்கினாள், மிச்சமிருந்த பற்களால். அவர் அலறிக்கொண்டு குனிந்தபோது கிழிந்த குடையின் கம்பியால் அக்கா அவர் முதுகில் போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள்.

தையல்காரர் அளவுக் கட்டையோடு ஓடிவந்து பார்த்தபோது யாரை யாரிடமிருந்து காப்பாற்றுவது என்று ஒரு நொடி குழம்பிப்போனாராம். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு அத்தானை மடக்கிப் பிடித்தார். அந்தப் பிடியோடேயே எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

இன்ஸ்பெக்டர் அம்மா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பாதி கோணல், பாதி கலங்கல். ஒன்றில் நின்றாள். அத்தானின் முஷ்டி, அதில் கூந்தல், கூந்தலின் முடிவில் அக்காவின் முகம். சிரிப்பு இல்லை, பற்கள் மட்டும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைமேல் கறுப்பாக ஒரு பெண் உருவம் நீண்டு விழுந்திருந்தது, முழங்கை தூக்கி, முகத்தில் எதையோ பிடித்தபடி.

அத்தான் விடவில்லை. முதுகு கிழிந்திருந்தாலும் பேச்சுக்குக் குறைவில்லை. படத்தை மாற்றுவதே இவள் பிழைப்பு, தெருவே சொல்லும், இல்லாததை ஒட்டியிருக்கிறாள் என்றார். இன்ஸ்பெக்டர் அம்மாவும் அதைத் தள்ளிவிடவில்லை. போன படத்தையும் எடுத்தது நீங்கள்தானே, அதை அவர் நம்பச் சொன்னார், இதை நீங்கள் நம்பச் சொல்கிறீர்கள், எதை நம்புவது என்றாள்.

சுண்ணாம்பு, போன படத்தில் இருந்த நீலத்தைத் தன் கையால்தான் துடைத்ததாகச் சொன்னாள். துடைக்கச் சொன்னவர் யார் என்பதையும் சொன்னாள். சொல்லும்போது கடையும் பெயரும் என்ன ஆகும் என்று ஓரத்தில் ஒரு கணக்கு ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.

"சரி, இந்தச் சட்டை மேல இருக்கிற நிழல் யாரோடது?"

"என்னோடது. விளக்கு எனக்குப் பின்னால கிடந்துச்சு."

"அது நல்லா இல்லையே. எடுத்துட முடியாதா?"

"முடியும். கண்ணை மூடிக்கிட்டே எடுப்பேன். தொழில் பழகுற சின்னப் புள்ளைங்க பண்ற தப்பு அது. படத்தைத் தொட்டிருந்தா முதல்ல அதைத்தான் எடுத்திருப்பேன்." அவள் இரத்தம் உறைந்த இமையைப் பிரித்துப் பார்த்தாள். "எடுக்க மாட்டேன். நான் எடுத்த படம்னு அது ஒண்ணுதான் சொல்லுது."

இன்ஸ்பெக்டர் அம்மா கொஞ்ச நேரம் அந்த நிழலையும் எதிரே நின்றவளின் கிழிந்த புருவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அக்காவுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லிவிட்டு, அத்தானை உள்ளே கொண்டுபோகச் சொன்னாள். காலையிலிருந்து மேஜைமேலேயே நின்ற கல்யாண நாள் படத்தைக் குப்புறக் கவிழ்த்து, அதன் முதுகில் தாளை வைத்துப் புகாரை எழுத ஆரம்பித்தாள்.

அக்காவுக்குக் கேட்டதெல்லாம் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு தடவை தங்கையின் முகத்தைத் திருப்பிப் பார்த்து, இதையும் படம் பிடிக்க வேண்டுமே, யார் பிடிப்பது என்றாள். சுண்ணாம்பு கேமராவை அவள் கையில் கொடுத்தாள். அக்கா அதைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு நேராக்கி, ஒற்றைக் கண்ணை மூடினாள்.

"சிரிக்கச் சொல்லணுமா?"

"வேண்டாம். அப்படியே எடு."