சுவருக்குள் நின்ற பெட்டி

ஊரை விட்டுப் போகட்டுமா என்று ஒரு மனிதர் கேட்டால், சரி, வேண்டாம், யோசித்துச் சொல்கிறேன் என்று மூன்று பதில்தான் உலகத்தில் உண்டு. பல்செட் நான்காவதாக ஒன்றைச் சொல்லித் தொலைத்தான்.

"லைன் கிளியர், அத்தான்."

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொன்ன பேச்சு. கையில் ஒரு பொம்மை ரயில் எஞ்சினைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சக்கரத்தில் படிந்த கறுப்பை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தான். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கேட்டவர் அவனுடைய அக்கா புருஷன். அக்கா செத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. "தம்பி வீட்டோட போயிடலாம்னு பாக்குறேன் மாப்ளே. நீ என்ன சொல்றே?" என்று அவர் கேட்டதற்குத்தான் இந்தப் பதில். அத்தான் கொஞ்ச நேரம் அவன் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப சரி, கெளம்ப வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்த லைன் கிளியர் சமாச்சாரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இவன் என்ன கிறுக்கனா என்று கேட்பீர்கள். கிறுக்கன்தான், ஆனால் வேறு விதமான கிறுக்கு.

பல்செட் என்பது அவன் பெயரல்ல, பிழைப்பு. பல் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் உட்கார்ந்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக அடுக்கி, அச்சில் வார்த்து, ராவி, மெருகேற்றிக் கொடுக்கிறவன். "ஊரார் சிரிப்பையெல்லாம் செஞ்சு குடுக்குறான், தான் சிரிக்க மட்டும் கஞ்சன்" என்பாள் அக்கா. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், கட்டில் போட இடமில்லை என்பான். அது பாதி உண்மைதான். வீட்டின் பெரிய அறை முழுக்க இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்து, அதில் தண்டவாளம், ஸ்டேஷன், பாலம், மலை. மலையெல்லாம் பல் அச்சு எடுக்கிற ரோஸ் நிற மாவில் செய்தது. எத்தனை பச்சை அடித்தாலும் உள்ளிருந்து அந்த ரோஸ் எட்டிப் பார்க்கும்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அதே மாடியில் பக்கத்து வீடு. அவருக்கும் இதே பைத்தியம். கல்யாணமான புதிதில் மச்சானும் அத்தானும் எலியும் பூனையும்தான். இரண்டு பேருக்கும் ரயில் கிறுக்கு என்று அக்காவுக்குத் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் தனித்தனியா ஓட்டிக்கிட்டு எதுக்கு? நடுச்சுவரத் தொளைச்சுத் தொலைங்களேன்" என்று அவள் சும்மா சொன்ன சொல்லை, அத்தான் அன்றைக்கே ஆபீஸிலிருந்து பெரிய டிரில்லைக் கொண்டுவந்து நிறைவேற்றிவிட்டார். முழங்கை வரை உள்ளே போகிற அளவுக்குச் சுவரில் ஒரு ஓட்டை. அதன் வழியாக ஒற்றைத் தண்டவாளம். இவன் வீட்டு வண்டி அவர் வீட்டுக்குப் போகும், அவர் வீட்டு வண்டி இங்கே வரும்.

ஒற்றைத் தண்டவாளம் என்றால் சட்டம் வேண்டாமா? இரண்டு பக்கத்திலும் ஒரு மணி. வண்டி அனுப்ப வேண்டுமென்றால் இரண்டு தரம் அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் லைன் காலியாக இருந்தால் பதிலுக்கு இரண்டு தரம் அடிப்பார்கள். அதுதான் லைன் கிளியர். அது வராமல் வண்டி ஓர் அங்குலம் நகராது. இப்படி வருஷக்கணக்காக விளையாடி, சரி என்கிற சொல்லே இரண்டு வீட்டிலும் வழக்கொழிந்துபோனது. காபி போடட்டுமா என்றால் லைன் கிளியர். விளக்கை அணைக்கட்டுமா என்றால் லைன் கிளியர். "மனுஷங்க மாதிரி பேசித் தொலைங்கடா" என்று அக்கா கத்துவாள்.

அந்த அக்காதான் ஒரு நாள் காலையில் துணி காயப்போடப் போனவள், வாளியோடு அப்படியே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

பல்செட் அழவில்லை. அடக்கிக்கொண்டான் என்று நினைக்க வேண்டாம், அடக்க ஒன்றுமே வரவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போன வண்டியின் பின்சக்கரத்தில் காற்று குறைவாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் லேபுக்குப் போய் யாரோ ஒரு கிழவருக்கு மேல்வரிசைப் பல் அடுக்கினான். வரிசை பிசகாமல் வந்தது. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவன், மரத்துப்போன உதட்டைத் தானே கடித்துக்கொண்டு ரத்தம் வருவது தெரியாமல் உட்கார்ந்திருப்பான் அல்லவா, அப்படி இருந்தான். வந்தவர்கள் எல்லாரும் எவ்வளவு திடமான பையன் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். எருமை மாட்டின் மேல் மழை பெய்தால் அதைத் திடம் என்றா சொல்வது?

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் நிற்கவில்லை. அத்தான் தன் பக்கம் தனியாக உட்காருவார். பல்செட்டின் பக்கம் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் டீச்சர், பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற அம்மாள். கால அட்டவணை அவர் பொறுப்பு. இன்னொருவர் மருந்துக்கடைக்காரர். அவருக்குச் சந்தேகம் என்றுதான் பெயர், எதைக் கண்டாலும் ஒரு சந்தேகம் கேட்பார்.

"எனக்கொரு சந்தேகம். இந்த மரம் ஸ்கேலுக்குப் பாத்தா ஏழு மாடி ஒசரம் வருதே, எந்த ஊர்ல இருக்கு இப்படி மரம்?"

"மொதல்ல இந்த மலையப் பாருங்க. ஈறு மாதிரி இருக்கு" என்பார் டீச்சர். "என்னிக்காவது ஒரு நாள் வண்டியக் கடிச்சிடப் போகுது."

"தண்டவாளத்தைத் தொடைச்சீங்களா? தடம் பிரியிற பாயின்ட் கிட்ட எஞ்சின் திக்குது."

"தொடைச்சேன்."

"ஸ்பிரிட்லயா, ரப்பர்லயா?"

இதே பேச்சு ஒரு மதியம் முழுக்க ஓடும். யாரும் அக்காவைப் பற்றிப் பேசுவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓட்டை வழியாக அத்தானின் இருமல் மட்டும் வரும். அவரும் சளைக்காமல் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். "பீரோவ எடுத்துக்கிறேன்னு ஒருத்தர் சொல்லிட்டார் மாப்ளே." "சரிங்க அத்தான்." "வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லியாச்சு." "சரிங்க அத்தான்." இவன் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பான்.

கடைசிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை டீச்சருக்குப் பொறுக்கவில்லை. ரயில் பெட்டிகளைத் துணியால் மூடிக்கொண்டிருந்தவனைப் பிடித்து உலுக்கினார்.

"ஏம்ப்பா, அவர் போறதுல உனக்குச் சம்மதமா?"

"நான்தான் சொல்லிட்டேனே டீச்சர்."

"நீ சொன்னத விடு. சம்மதமா?"

பல்செட் யோசித்தான். உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "அவரும் போயிட்டா எனக்குன்னு யாரும் இல்ல டீச்சர்" என்றான். யாருடைய சேதியையோ சொல்வதுபோல்தான் சொன்னான். அவன் வாயிலிருந்து அப்படி ஒன்று வருமென்று அவனே எதிர்பார்க்கவில்லை.

"அடப்பாவி, இதை எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? அவர்கிட்டல்ல சொல்லணும். குடுத்த லைன் கிளியரக்கூடத் திருப்பி வாங்கலாம்ப்பா, வண்டி கெளம்புறதுக்கு முன்னாடி கேட்டா."

"அடுத்த வாரம் சொல்றேன்."

"தும்ப விட்டுட்டு வாலப் பிடிக்கப் போறே, பாரு" என்றார் டீச்சர்.

அடுத்த வாரம் வந்தது. அதுதான் கடைசி ஞாயிறு. அத்தானின் வீடு காலி. சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது, வேன் வர வேண்டியதுதான் பாக்கி. ரயில் பலகையை மட்டும் பிரிக்காமல் வைத்திருந்தார். காலையில் வாசலில் நின்றே பேசினார். சவரம் செய்திருந்தார், காதுக்குக் கீழே ஓர் இடம் விட்டுப்போயிருந்தது.

"என் வண்டி எல்லாத்தையும் ஒரே செட்டா கோத்து உன் பக்கம் அனுப்பிடுறேன் மாப்ளே. எஞ்சின், பெட்டி எல்லாம். தம்பி வீட்டுல எடம் பத்தாது. இங்கயே இருக்கட்டும்."

டீச்சரிடம் சொன்னதைச் சொல்லத்தான் பல்செட் வாயெடுத்தான். "ரொம்ப நீளமா இருக்குமே அத்தான், இழுக்குமா?" என்றான்.

"ரெண்டு எஞ்சின் போடுறேன்" என்றார் அத்தான், போய்விட்டார்.

இவனை என்ன செய்வது, சொல்லுங்கள்! ஆனால் அவனும் ஒரு கணக்கு வைத்திருந்தான். வாயால் முடியாது என்று தெரிந்துவிட்டது. ஆகையால் மணியால் சொல்வது. அத்தான் இரண்டு தரம் அடிப்பார், இவன் பதில் அடிக்கப்போவதில்லை. மறுபடி அடிப்பார், அப்போதும் அடிக்கப்போவதில்லை. சட்டப்படி வண்டி கிளம்பாது. என்னடா ஆச்சு என்று அவரே எழுந்து இந்தப் பக்கம் வருவார். எதிரில் வந்து நின்றால் சொல்லிவிடலாம். டீச்சரிடமும் சந்தேகத்திடமும் இந்தத் திட்டத்தைச் சொன்னான்.

"எனக்கொரு சந்தேகம்" என்றார் சந்தேகம். "இதுக்கு நேராவே போய்ச் சொல்லிடலாமே?"

"நீங்க சும்மா இருங்க" என்றார் டீச்சர்.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். அந்தப் பக்கம் பெட்டிகளைக் கோக்கிற சத்தம், கொக்கி கொக்கியில் விழுகிற சின்னச் சின்னக் கிளிக், கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றது. மணி இரண்டு தரம் அடித்தது.

பல்செட்டின் விரல் பதிலுக்கு இரண்டு தரம் அடித்துவிட்டது.

அவன் அடிக்கவில்லை, விரல்தான் அடித்தது. எத்தனை வருஷப் பழக்கம்! தும்மினால் கண் மூடுகிறதே, அது மாதிரி. டீச்சர் "ஐயோ" என்றார். பல்செட் தன் விரலைத் தானே உற்றுப் பார்த்தான். அதற்குள் அந்தப் பக்கம் எஞ்சின்கள் உறுமத் தொடங்கிவிட்டன.

முதல் எஞ்சின் ஓட்டையிலிருந்து தலையை நீட்டியது. அடுத்தது. பிறகு பெட்டிகள், நீலம், சிவப்பு, மறுபடி நீலம், சரக்குப் பெட்டி, எண்ணெய் டாங்கி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ஒரு வண்டி முழுசாக வந்து சேர்ந்ததற்கு அடையாளம், கடைசிப் பெட்டியின் பின்னால் எரிகிற சிவப்பு விளக்கு. அதைப் பார்த்தால்தான், வந்து சேர்ந்தது என்று ஒரு மணி அடிக்க வேண்டும். பல்செட் பார்த்துக்கொண்டே இருந்தான். வண்டி ஸ்டேஷனுக்குள் வந்து நின்றது. கடைசியாக நின்ற பெட்டியின் பின்னால் விளக்கு இல்லை.

"ஒரு பெட்டி கழண்டுடுச்சு. சுவத்துக்குள்ள நிக்குது" என்றார் டீச்சர்.

பல்செட் பலகைக்கு மேல் குனிந்து ஓட்டைக்குள் கையை விட்டான். முழங்கை வரை போனது. பெட்டியின் கூரை விரலில் தட்டியது. அதையும் தாண்டி, வெதுவெதுப்பாக ஏதோ தட்டியது. அத்தான் அந்தப் பக்கத்திலிருந்து கையை விட்டிருந்தார்.

"நீ விடு மாப்ளே, நான் எடுத்துக்கிறேன்" என்று சுவருக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

பல்செட் விடவில்லை.

"டேய், நீ பிடிச்சிருக்கிறது பெட்டி இல்ல. என் வெரலு."

"தெரியும் அத்தான்."

சந்தேகம் ஏதோ கேட்க வாயெடுத்தார், டீச்சர் அவர் தோளில் கையை வைத்து உட்கார வைத்தார்.

"போகாதீங்க அத்தான்" என்றான் பல்செட். கன்னத்தைச் சுவரில் வைத்துக்கொண்டிருந்தான், பாதிச் சொல் சுண்ணாம்பில்தான் போயிற்று. ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

"சாவியக் குடுத்துட்டேனேடா."

"எங்க வீட்டுல இன்னொரு ரூம் இருக்கு."

"இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அதுக்குப் பெயின்ட் அடிச்சதே நான்தானே." அத்தானின் குரல் ஏறியது. "நீ இந்த வார்த்தையச் சொல்வே சொல்வேன்னுதானேடா வாராவாரம் பீரோவச் சொன்னேன், வீட்டுக்காரரச் சொன்னேன். நீ சரிங்க சரிங்கன்னே. இப்ப என் தம்பி புள்ளைங்க எனக்குன்னு கட்டில் வாங்கிப் போட்டு, வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்குங்க. அதுங்க மூஞ்சில எப்படிடா முழிப்பேன்? நான் போய்த்தான் ஆகணும்."

கீழே தெருவில் வேன் வந்து நின்றது. ஹாரன் அடித்தது.

பல்செட் விரலை விடவில்லை. அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. அவனிடமிருந்து வந்த சத்தத்தை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, அவனுக்கே தெரியவில்லை. இருமலா என்று டீச்சர் ஒரு நிமிஷம் நினைத்தார்.

"அழறியாடா?" என்றார் அத்தான்.

பல்செட் மூக்கை உறிஞ்சினான்.

"அவ போனப்ப ஒரு சொட்டு விடல நீ. எனக்குப் போயா அழறே?"

பல்செட் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். இப்போதுதான் காதில் விழுந்த சேதியை, இன்னும் தெரியாத ஒருவருக்கு ஓடிவந்து சொல்கிறவன் மாதிரி மூச்சு வாங்கினான்.

"அத்தான்" என்றான். "அக்கா செத்துட்டா அத்தான்."

சுவருக்குள் அந்த விரல்கள் இறுகின.

"ஆமாண்டா" என்றார் அத்தான். "செத்துட்டா."

கீழே வேன்காரன் மறுபடியும் ஹாரன் அடித்தான்.